பட்டறைப் பதில்கள்: பிடிக்குள் என்ன இருக்கிறது?

போன இதழில் திருப்புளி பற்றி எழுதும்போது, கடைசி வரியில் ‘கத்தி தனிக் கச்சேரி’ என்று வாய்விட்டுவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள்தான் இந்த முறை முழுக்க. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் 31 வருடம் டூல் ரூமில் வேலை பார்த்தவன். அதில் பாதிக் காலம் இரும்பைக் காய்ச்சித் தோய்க்கிற பிரிவில். கத்தி வியாபாரம் எனக்குக் கிடையாது, கமிஷனும் கிடையாது.

“வருடத்துக்கு இரண்டு தடவை நண்பர்களோடு ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் போய்க் கூடாரம் போடுவோம். மடக்குக் கத்திதான் வைத்திருந்தேன். போன தடவை லாக் நழுவி விரலைப் பதம் பார்த்துவிட்டது. மடங்காத, உறுதியான கத்தி ஒன்று வேண்டும், வீட்டுக்கும் உதவ வேண்டும். 10 அங்குல நீளம், 6 மில்லிமீட்டர் தடிமன், முதுகில் ரம்பப் பல் வைத்த ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?”
— மடிப்பாக்கம் வாசகர்

வேண்டாம். கத்தி வாங்கப் போகிற நம்மில் பாதிப் பேர் கரடி வந்தால் என்ன செய்வது என்றுதான் யோசிக்கிறோம். கரடி வராது, வெங்காயம்தான் வரும். ஏலகிரியில் நீங்கள் வெட்டப்போவது வெங்காயம், தக்காளி, கூடாரக் கயிறு, அடுப்புக்கு நாலு சுள்ளி. வீட்டில் அட்டைப் பெட்டி, வாழை நார், மாடித் தொட்டியில் தாறுமாறாக வளர்ந்த கிளை. இதற்கு 6 மி.மீ. எதற்கு? அந்தத் தடிமனில் ஒரு கேரட்டை நறுக்கிப் பாருங்கள். பாதி வரைக்கும் வெட்டும், அப்புறம் ஆப்பு வைத்த மாதிரி ‘டப்’பென்று பிளக்கும். முதுகில் 3 மி.மீ. போதும், 4 மி.மீ. தாராளம். நீளத்துக்கு உங்கள் உள்ளங்கை அகலமே அளவு. சுமார் 4 அங்குலம், மிஞ்சிப் போனால் 5. அந்த ரம்பப் பல்லால் ஈர விறகை இரண்டு இழுப்பு இழுத்தால் தூள் அடைத்துக்கொள்ளும். கட்டை விரலை முதுகில் ஊன்றி அழுத்தவும் விடாது.

உறுதி என்று கேட்டீர்களே, அது தடிமனில் இல்லை, பிடிக்குள் இருக்கிறது. பல வருடத்துக்கு முன்னால் எங்கள் டூல் ரூம் கூட்டம் தடா அருவிக்குப் போயிருந்தது. இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த நண்பர் ஒருவர் புதுக் கத்தியோடு வந்தார். பிடியின் மூடியில் திசைகாட்டி, திறந்தால் உள்ளே தூண்டில் முள், தீக்குச்சி, ஊசி, நூல். மளிகைக் கடையே இருந்தது. சமையலுக்கு விறகு பிளக்கிறேன் என்று கத்தியைக் கட்டையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாவது தட்டில் பிடி அவர் கையில் இருந்தது, கத்தி கட்டையில் இருந்தது. திசைகாட்டி மட்டும் சரியாக வடக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பிடியை நான் வாங்கி வந்து, திங்கட்கிழமை ஹாக்ஸாவால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். பிடிக்குள் போகிற இரும்பை நான் வால் என்பேன். அந்தக் கத்திக்கு வால் இரண்டு விரற்கடைகூட இல்லை. அதன் நுனியில் ஒரு சாதாரண போல்ட்டை வெல்டிங் வைத்து, அந்த போல்ட்டில் பிடியைத் திருகியிருந்தார்கள். வெல்டிங் கறுத்து, இட்லி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஆனால் முறிந்தது அங்கேயும் இல்லை. கத்தியின் அகலம் சட்டென்று குறைந்து வாலாகிற இடத்தில், உள் மூலையைச் சதுரமாக வெட்டி விட்டிருந்தார்கள். முறிவு அங்கேயிருந்துதான் கிளம்பியிருந்தது. முறிந்த முகத்தில் ஒரு ஓரம் மட்டும் பழுப்பேறியிருந்தது. அதாவது விரிசல் பழசு, விறகு கடைசிச் சாக்கு. ‘உள் மூலையை வட்டமாக விடு’ என்பது அப்ரன்டிஸ் பையனுக்கு முதல் வருடத்திலேயே தலையில் குட்டிச் சொல்லித் தருகிற பாடம்.

ஆகவே கடையில் முதலில் பிடியைப் பாருங்கள். பிடியின் விளிம்பைச் சுற்றி இரும்புக் கோடு தெரிந்து, இருபுறமும் மரமோ ரப்பரோ வைத்து ரிவிட் அடித்திருந்தால் வால் பிடி முழுக்க ஓடுகிறது என்று அர்த்தம். மூடிய பிடி என்பதாலேயே மோசம் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்வீடனில் மோரா வட்டாரத்துக் கத்திகள் பிளாஸ்டிக் பிடிக்குள் வாலை மறைத்துத்தான் வருகின்றன. வால் கடைசி வரை போகாது, ஆனாலும் பிடியின் பெரும்பகுதிக்கு ஓடும், பிடியும் இரும்போடு இறுகப் பிடித்திருக்கும். 4 அங்குலம், இரண்டரை மி.மீ. தடிமன், பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். தச்சு வேலைக்காரர் முதல் மலையேறுபவர் வரை அதைத்தான் வைத்திருக்கிறார்கள். விறகு பிளக்கிற ஆசை விடவில்லையென்றால் அதிலேயே 3.2 மி.மீ. தடிமனில் ஒன்று உண்டு.

வெளிநாட்டுக் கத்தி வேண்டாம், நம் கொல்லரிடமே அடித்து வாங்குகிறேன் என்றால் எனக்கு அதைவிட சந்தோஷம் இல்லை. புதுப்பேட்டையில் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை எடைக்குக் கிடைக்கும். நல்ல இரும்பு. ஒரே ஒரு எச்சரிக்கை: கிலோமீட்டர் கணக்கில் அடிபட்ட பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். சின்னச் சுத்தியலால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிற துண்டாகப் பொறுக்குங்கள். கொல்லரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வால் பிடியைத் துளைத்து வெளியே வந்து, பின்னால் வளைத்து அடித்திருக்க வேண்டும். முன்னால் பூண் இருக்க வேண்டும். நம் அரிவாளுக்குக் காலங்காலமாகச் செய்வதுதான். அதனால்தான் அரிவாளின் பிடி பிய்ந்து யாரும் பார்த்ததில்லை.

துவைச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்து இரும்பைக் கடினமாக்குவது, சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பென்சில் தடிமனில் ஒரு பித்தளைக் கம்பி எடுத்து, வெளிச்சத்தைப் பார்த்து நின்று, கத்தியின் வாயை (கூர் ஓரத்தை) அதன்மேல் சாய்த்து லேசாக அழுத்தி நகர்த்துங்கள். வாய் மெல்லிசாக ஒரு பக்கம் புடைக்கிறது தெரியும். கம்பி தாண்டியதும் பழையபடி நேரானால் பதம் சரி. புடைத்தது புடைத்தபடி நின்றால் இரும்பு மெத்து. சில்லு சில்லாகப் பொரிந்தால் துவைச்சல் அதிகம், திரும்பக் காய்ச்சி இறக்க வேண்டும். கடையில் போய் இதைச் செய்யாதீர்கள், அடி விழும்.

இன்னொன்று, இந்த 4 அங்குலக் கத்தியால் இளநீர் சீவ முடியாது. சீவக்கூடாது. அதற்கு வெட்டுக்கத்தி தனி.

“திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மாடித் தோட்டத்துக்கும் சமையலறைக்கும் பொதுவாக ஒரு தடித்த கத்தி வாங்கினேன். ஒரே வாரத்தில் துரு. ஸ்டெயின்லெஸ் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஏமாற்றிவிட்டார்களா?”
— திருவொற்றியூர் வாசகி

ஏமாற்றியிருக்கலாம், ஆனால் கட்டாயம் என்றில்லை. இரும்பில் குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் இருந்தால்தான் ஸ்டெயின்லெஸ் என்கிற பெயரே. அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஏடு கட்டும். அந்த ஏடுதான் காவல். கடற்காற்றில் வருகிற உப்பு அதில் ஊசி குத்தின மாதிரி துளை போடும். உங்கள் கத்தியில் துரு பரவலாகச் செம்மண் பூசின மாதிரி இருந்தால் அது ஸ்டெயின்லெஸ் இல்லை. புள்ளி புள்ளியாக இருந்தால் ஸ்டெயின்லெஸ்தான், பராமரிப்புதான் குறை. அதிலும் தோல் உறையில் போட்டு வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். உறை, எடுத்துப் போகும்போது மட்டும். வீட்டில் கத்தி வெளியே காய வேண்டும்.

கார்பன் இரும்பா, ஸ்டெயின்லெஸ்ஸா என்று தனியாகவும் சிலர் கேட்டிருக்கிறார்கள். கார்பன் இரும்பு சீக்கிரம் கூர் ஏறும், சாணைக்கு அடங்கும். ஆனால் மாங்காயும் புளியும் பட்டால் அரை மணியில் கறுக்கும், வெங்காயத்தில் இரும்பு வாடை ஏறும். காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர்களிடம் இன்னும் கறுப்பு இரும்பைத்தான் பார்க்கிறேன். அவர்கள் கத்தி நாள் பூராவும் ஓயாமல் வேலை செய்கிறது, அடிக்கடி கழுவித் துடைக்கிறார்கள், துருவுக்கு நேரம் கிடைப்பதில்லை. உங்கள் வீட்டுக் கத்திக்கு ஒரு நாளில் இருபத்து மூன்றரை மணி நேரம் ஓய்வு. கடலோரச் சென்னைக்கு ஸ்டெயின்லெஸ்தான் என் ஓட்டு. இரும்பின் கடினத்தை அளக்கிற ராக்வெல் கணக்கில் 56 முதல் 58 வரை இருந்தால் போதும். 62, 63 என்று பெருமையாக எழுதியிருக்கிற கத்தி கூர் நிற்கும், ஆனால் எலும்பிலோ கல்லிலோ பட்டால் வாய் பொரியும்.

டி2 என்று போட்டு நிறையக் கத்தி வருகிறது. அது எங்கள் டூல் ரூமின் பழைய சிநேகிதன். எச்.சி.எச்.சி.ஆர். என்போம், பிரஸ்ஸுக்கு அச்சு செய்கிற இரும்பு. கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் சுமார் 12. கணக்குப்படி ஸ்டெயின்லெஸ் மாதிரித் தெரியும். ஆனால் குரோமியத்தில் பெரும்பங்கைக் கார்பன் தன்னோடு கட்டிப்போட்டுக்கொள்ளும், காவலுக்கு மிஞ்சுவது குறைவு. கூர் நாள்கணக்கில் நிற்கும். திருவொற்றியூரில் துருவும் பிடிக்கும்.

கழுவி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் சாப்பாட்டுக் கத்திக்கு வேண்டாம்.

“இணையத்தில் 1,400 ரூபாய்க்கு டமாஸ்கஸ் கத்தி வாங்கினேன். அலை அலையாகக் கோடு அழகாக இருக்கிறது. அசலா?”
— கொளத்தூர் வாசகர்

இப்போது டமாஸ்கஸ் என்று விற்பது, இரண்டு விதமான இரும்பை அடுக்கி, காய்ச்சி, அடித்து, மடித்து, கடைசியில் அமிலத்தில் தோய்த்து எடுப்பது. ஒரு இரும்பை அமிலம் அதிகம் கறுக்கும், இன்னொன்றைக் குறைவாகக் கறுக்கும். அதுதான் கோடு. 1,400 ரூபாய்க்கு அவ்வளவு வேலையை யாரும் செய்து தர மாட்டார்கள். இருந்தாலும் சோதித்துவிடலாம். பிடியை ஒட்டின மூலையில், வெளியே தெரியாத இடத்தில், 600 நம்பர் உப்புத்தாளால் கோடு மறைகிற வரை தேயுங்கள். ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சர்க்யூட் போர்டு அரிக்கிற ஃபெரிக் குளோரைடு கேட்டால் கொடுப்பார்கள். கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீர் கலந்து, தேய்த்த இடத்தில் ஒரு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். கோடு திரும்பி வந்தால் அசல் அடுக்கு. வெறுமனே சாம்பல் நிறமானால் மேலே அச்சடித்த கோலம்.

இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. பழைய காலத்து டமாஸ்கஸ் வாளுக்கு இரும்பு போனதே நம் பக்கத்திலிருந்துதான். மண் மூசையில் (உருக்குகிற கிண்ணத்தில்) இரும்பையும் இலை தழையையும் அடைத்து, மூடி, உருக்கி எடுத்த உருக்கு. கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு. அது வெள்ளைக்காரன் வாயில் ‘ஊட்ஸ்’ ஆனது. லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819-இல் அதை ஆராய்ந்து எழுதினார். மின்சாரத்துக்குப் பேர்போன அதே ஃபாரடேதான். ஈரோட்டுப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்தது. அந்த உருக்கில் கோடு தானாக உள்ளேயிருந்தே வரும், அடுக்கத் தேவையில்லை. சரி, உங்கள் கத்திக்கு வருகிறேன். கோடு பொய்யாக இருந்தாலும் வாய் வெட்டினால் வைத்துக்கொள்ளுங்கள். பழம் நறுக்க ஆகும்.

“இந்த மாதிரிக் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு போனால் போலீஸ் பிடிக்குமா?”
— தாம்பரம் வாசகர்

1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகளில் ஒரு அளவு இருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கென்றே செய்தவைக்கு விலக்கு உண்டு. மடிப்பாக்கத்துக்காரர் பார்த்த 10 அங்குலம் வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். 4 அங்குலம் அந்த அளவுக்குள் வராது. அதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனில் நடக்காதீர்கள். உறையில் போட்டு, துணியில் சுற்றி, பைக்கு அடியில். மலைக்குப் போகிறபோது மட்டும்.

பலருக்குத் தெரியாதது காட்டு விஷயம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதற்குச் சொல்லியிருக்கிற விளக்கத்தில் கத்தியும் இருக்கிறது, அளவு எதுவும் இல்லை. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வேண்டும். ஆகவே முதுமலை, களக்காடு, வேடந்தாங்கல் பக்கமெல்லாம் போனால் கத்தி வீட்டில். மாம்பழத்தைக் கடித்துத் தின்னலாம். விமானத்தில் கையில் எடுத்துப் போகிற பையில் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும்.

“தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா, நானே தீட்டலாமா?”
— அயனாவரம் வாசகர்

சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு மிதித்துச் சாணை பிடிக்கிற பெரியவர் உங்கள் தெருவில் இன்னும் வந்தால் தாராளமாகக் கொடுங்கள். மிதிக்கிற சக்கரம் மெதுவாகச் சுற்றும், சூடு ஏறாது. மோட்டார் சக்கரம்தான் பயம். கத்தியைத் தோய்த்த பிறகு பெரும்பாலும் 200 டிகிரிப் பக்கம் வைத்துப் பதப்படுத்துவோம். காய்ந்த சக்கரத்தில் முனை அந்தச் சூட்டை ஒரு நொடியில் தாண்டிவிடும். முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் ஊதா, 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். முனையில் மயில் கழுத்து நிறம் தெரிந்தால் அந்த இடத்துப் பதம் போய்விட்டது. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. “அண்ணே, தண்ணியில தோய்ச்சுத் தோய்ச்சுப் புடிங்க” என்று சொன்னால் போதும், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்களே தீட்டுவதுதான் எனக்கு இஷ்டம். ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைஸ் உள்ள கார்போரண்டம் கல் ஒன்று போதும். பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடை எதிலும் கிடைக்கும். கல்லுக்கு அடியில் ஈரத்துணி போடுங்கள், நகராது. கோணம்தான் எல்லோருக்கும் குழப்பம். ஒரு காகிதத்தின் மூலையை எடுங்கள், 90 டிகிரி. விளிம்போடு விளிம்பு வைத்து ஒரு மடிப்பு, 45. இன்னொரு மடிப்பு, இருபத்திரண்டரை. அந்த ஆப்பைக் கல்லின்மேல் வைத்து, கத்தியை அதன் சாய்வுக்கு வைத்துப் பாருங்கள். அதைவிடக் கொஞ்சம் படுத்தால் வெளி வேலைக் கத்திக்குச் சரி.

வாயின் சாய்வு முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசிக்கொண்டு நாலு இழுப்பு இழுங்கள். மை முதுகுப் பக்கம் மட்டும் போயிருந்தால் கத்தி படுத்துவிட்டது. கூர் ஓரம் மட்டும் போயிருந்தால் நிமிர்ந்துவிட்டது. முழுக்கப் போயிருந்தால் கை பழகிவிட்டது. ஒரே பக்கத்தைத் தீட்டிக்கொண்டே போங்கள். கட்டை விரலை முதுகிலிருந்து கூர்ப் பக்கமாக இழுத்து வெளியே விட்டால் (வாயோரமாக ஓட்டக்கூடாது!) மறுபக்கத்தில் மெல்லிசாகப் பிசிறு தட்டும். பிடியை ஒட்டின குதிகாலிலிருந்து முனை வரை பிசிறு ஒரே மாதிரி தட்டினால்தான் பக்கம் மாற்ற வேண்டும். பெரும்பாலானவர்கள் பிசிறு வருவதற்குள் பொறுமை இழந்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டு ‘கல் சரியில்லை’ என்கிறார்கள். கடைசியில் நைஸ் பக்கம், அப்புறம் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் கூர் பின்னால் வருகிற மாதிரி பத்து இழுப்பு. மலையில் கல் இல்லையா? பீங்கான் கப்பைக் கவிழ்த்தால் அடியில் மெருகில்லாத ஒரு வளையம் இருக்கும். அவசரத்துக்கு அதுவே சாணை.

“மருமகனுக்குக் கத்தி பரிசாகக் கொடுக்கலாமா? உறவு முறியும் என்கிறார்கள்.”
— வில்லிவாக்கம் வாசகி

கையில் கொடுக்காதீர்கள், கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாஸ்திரத்துக்கும் சரி, விரலுக்கும் நல்லது.

“ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள். உங்களிடம் இருப்பது என்ன கத்தி?”
— பெரம்பூர் வாசகர்

கடையில் வாங்கினது இல்லை. இரும்புக் கம்பி அறுக்கிற பவர் ஹாக்ஸாவின் தேய்ந்துபோன பிளேடு. கோயம்பேட்டில் பூக்கடைக்காரர்கள், மாங்காய் நறுக்குகிறவர்கள் கையில் துணி சுற்றிய கத்தி பார்த்திருப்பீர்களே, அதே ஜாதி. என்னுடையது இரண்டு மி.மீ. தடிமன், நாலரை அங்குலம். அது ஹைஸ்பீடு ஸ்டீல், சக்கரத்தில் சிவக்கும் அளவு போகாமல் பார்த்துக்கொண்டால் பதம் போகாது. 1986-இல் மதிய உணவு இடைவேளைகளில் தேய்த்துத் தேய்த்துச் செய்தேன். வால் பிடி முழுக்க ஓடுகிறது. பிளேடில் ஏற்கெனவே இருந்த துளையில் ஒரு செம்பு ரிவிட், இன்னொன்றுக்குத் துளை போட முடியாமல் (டிரில் பிட் மூன்று உடைந்தது) நைலான் கயிறு சுற்றினேன். நெம்பினால் கண்ணாடி மாதிரி உடையும், அதனால் இன்றுவரை எதையும் நெம்பியதில்லை. பல் இருந்த ஓரத்தை முழுதாகத் தேய்க்கச் சோம்பல்பட்டதில் முதுகில் மூன்று பல் மிச்சம் நிற்கிறது. என் மனைவி வாழைப்பூ ஆயும்போது கள்ளனை இழுத்து எடுப்பது அந்தப் பல்லால்தான். மலைக்கு எடுத்துப் போகலாம் என்று போன வாரம் கேட்டேன். வேறு வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.